புது ஆற்றங்கரையில் ஓர் ஆறடிப் பாதை

2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வனத்துறை பொறுப்பில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு, கூடவே வர வழிகாட்டி. நல்ல திட்டம்தான். அந்தப் பட்டியலில் தஞ்சை டெல்டாவுக்கு இடமில்லை. மலையும் காடும் இல்லாத ஊரில் என்ன மலையேற்றம் என்று கேட்டால் அதுவும் சரிதான். கோளாறு பட்டியலில் இல்லை, நம் நினைப்பில் இருக்கிறது. நெடுந்தூரம் நடப்பது என்றாலே பர்வதமலை, வெள்ளியங்கிரி, சதுரகிரி என்று மேல்நோக்கித்தான் மனம் போகிறது. சமதரையில், தண்ணீரை ஒட்டி, வயலும் ஊருமாக மாறி மாறி வர, நாள் முழுக்க நடப்பது என்பது வேண்டுதல் உள்ளவர் செய்கிற காரியமாகவே நின்றுவிட்டது. தஞ்சையில் அப்படி நடக்க ஒரு பாதை தொண்ணூறு ஆண்டுகளாகக் கிடக்கிறது. அது கல்லணைக் கால்வாயின் கரை. தஞ்சைக்காரர் வாயில் அந்தக் கால்வாய்க்குப் பெயர் புது ஆறு. கல்லணையில் தொடங்கித் தஞ்சை நகரத்தின் குறுக்காகத் தெற்கே போகும் அந்தக் கரையை, யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் நடந்துபோகும் பொதுப்பாதையாக அரசு அறிவித்துத் திறந்துவிட வேண்டும். பூங்கா வேண்டாம், நீரூற்று வேண்டாம், நின்று படமெடுத்துக்கொள்ள ஊர்ப் பெயர் எழுதிய பலகையும் வேண்டாம். இடையில் அறுபடாத ஆறடி மண்பாதை போதும். ஆறடி என்றால் நம் பக்கத்தில் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். உயிரோடு இருக்கிறவர்களுக்கும் ஓர் ஆறடி கேட்பதில் தப்பில்லை.

புது ஆறு என்ற பெயருக்குக் காரணம் உண்டு. வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் நூற்றாண்டுகளாக ஓடுகிறவை. இது சென்ற நூற்றாண்டில் மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து அளந்து வெட்டப்பட்டது. 1934-இல் அணை திறக்கப்பட்ட காலத்திலிருந்து இதில் தண்ணீர் ஓடுகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்ற மூன்றோடு நான்காவதாகப் பிரிந்து, பூதலூர் வழியாகத் தஞ்சைக்கு வந்து, பெரியகோயிலுக்கு அருகே நகரத்துக்குள் புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலையில் போய் முடிகிறது. நீளம் சுமார் 148 கிலோமீட்டர். பாசனம் பெறும் நிலம் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல். நடக்கிறவருக்கு இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. இயற்கையான ஆறு பள்ளத்தைத் தேடி ஓடும். பாசனக் கால்வாய் அப்படி ஓடினால் காரியம் கெட்டுப்போகும். அது மேட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் மதகைத் தூக்கினால் தண்ணீர் தானாக வயலில் இறங்கும். அதனால் சரிவை மிகக் குறைவாக வைத்து, நிலத்தின் மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து கொண்டுபோயிருக்கிறார்கள். கரைமேல் போகிறவர் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஆனாலும் வயலைச் சற்று உயரத்திலிருந்து பார்த்தபடியே போகலாம். முழங்கால் தேய்ந்தவரும், பேரக்குழந்தையைக் கையில் பிடித்து வருகிறவரும் நடக்கக்கூடிய நெடும்பாதை மலையில் கிடைக்காது, இங்கே கிடைக்கும்.

அந்தக் கரை நடப்பதற்கென்றே போட்டதும்கூட. தண்ணீரைத் தாங்குவதற்கு எவ்வளவு கனம் வேண்டுமோ அதோடு, மேலே ஆள் போய்வர இடமும் விட்டுத்தான் கால்வாய்க் கரையைப் போடுவார்கள். நீர்வளத்துறையின் லஸ்கர்களும் கரைக்காவலர்களும் முறைவைத்து நடந்து, எங்கே நண்டுவளை கசிகிறது, எங்கே எலி குடைந்திருக்கிறது, எந்த மதகில் ஷட்டர் பிடித்துக்கொண்டது என்று பார்த்துச் சொல்வதுதான் ஏற்பாடு. அதிகாரி ஜீப்பில் போய்ப் பார்ப்பதும் லஸ்கர் கால்நடையாகப் போய்ப் பார்ப்பதும் ஒன்றில்லை. கசிவு காலுக்குத்தான் முதலில் தெரியும். லஸ்கர் பணியிடங்களை நிரப்புங்கள் என்பது டெல்டா விவசாயிகள் பல ஆண்டுகளாக வைத்துவரும் கோரிக்கை. போர்ச்சுகல் நாட்டு மதீராத் தீவில் மலைச்சரிவுகளில் ‘லெவாடா’ எனப்படும் பாசன வாய்க்கால்கள் நூற்றாண்டுகளாக ஓடுகின்றன. தண்ணீரைப் பகிர்ந்துவிடும் ஆள் நடப்பதற்காக வாய்க்காலை ஒட்டி ஒரு சிறு பாதை போட்டிருந்தார்கள். இன்று அந்தப் பாதைகளில் நடப்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அந்தத் தீவுக்குப் போகிறார்கள். வாய்க்கால் இன்னமும் வயலுக்குத்தான் ஓடுகிறது. பாசனமும் நடையும் ஒரே கரையில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது.

இந்த மண்ணில் நெடுநடை என்ன புதுசா? சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து காவிரியின் வடகரை வழியாகத்தான் மேற்கே நடக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் போகவில்லை என்று இளங்கோ கணக்கும் வைத்திருக்கிறார். கூட வரும் கவுந்தியடிகள் வழியில் உள்ள இடர்களை முன்கூட்டியே சொல்கிறார். சோலை வழியே போனால் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடிக் கிடக்கும். வயல் வழியே போனால் நீர்க்கரையில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும். நம் காலை எது பதம்பார்க்கும் என்பதோடு, நம் கால் எதை நசுக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்ன வழிநடைக் குறிப்பு அது. பிறகு மராட்டியர் காலம். தஞ்சையிலிருந்து ராமேசுவரம் போகிறவர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. 1801-இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களைத் தன்னிடமே விட்டுவிட வேண்டும் என்று கேட்ட மன்னர், அங்கே எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு கிடைக்கிறது, நோயுற்றவருக்கு மருத்துவம் கிடைக்கிறது என்று எடுத்துச் சொன்னார். ராஜ்யத்தின் அதிகாரமெல்லாம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் நடந்து போகிறவனுக்கான ஏற்பாட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கும் சித்திரையில் திருவையாற்று ஏழூர்த் திருவிழாவில் பல்லக்குகளோடு சனங்களும் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராக நடந்து, வறண்ட ஆற்று மணலில் இறங்கி ஏறித் திருவையாறு திரும்புகிறார்கள். நடப்பதை இவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கற்றுக்கொடுக்க வேண்டியது சாலைக்குத்தான். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு முன்பிருந்தே தஞ்சை, திருச்சி வழியாகப் பல்லாயிரம் பேர் கிழக்கு நோக்கி நடக்கிறார்கள். பங்குனி, சித்திரை, ஆடியில் சமயபுரத்துக்கு மேற்கு நோக்கி நடக்கிறார்கள். இத்தனை பேரும் நடப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே உள்ள கையகல ஓரத்தில், அதுவும் வெயிலுக்குப் பயந்து இருட்டில். 2024 ஜூலையில் தஞ்சை–திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு விடியற்காலையில் நடந்துபோன பக்தர்கள்மீது சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். ஓட்டுநர்மீது வழக்கு, குடும்பத்துக்கு நிவாரணம், முதுகில் ஒட்டிக்கொள்ள ஒளிரும் பட்டை என்பதுதான் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வழக்கம். நடப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேட்பது வழக்கத்தில் இல்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எந்த வண்டியிலும் ஏறாதவர். வளம்பக்குடி நெடுஞ்சாலைக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, அதே கிழக்கு–மேற்குத் திசையில்தான் புது ஆற்றின் கரை போகிறது. தஞ்சையிலிருந்து கல்லணை வரை 40 கிலோமீட்டர் அளவில் இருக்கும். சமயபுரம் போகிறவர் அதுவரை கரையிலேயே வந்துவிட்டால் பயணத்தில் பாதிக்கு மேல் லாரியைப் பார்க்காமல் கடந்துவிடலாம். பக்தி நெடுஞ்சாலையில்தான் நடக்க வேண்டும் என்று எந்த அம்மனும் கேட்டதாகத் தெரியவில்லை.

உடல்நலக் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், தமிழகத்தில் அது நூற்றுக்கு 14.4 பேர் என்றும் மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தை மாநிலச் சுகாதாரத்துறை தொடங்கியது. குறை சொல்லும் திட்டமில்லை. ஆனால் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும் நடைக்கும், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும் நடைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதை மருத்துவர் சொன்னதற்காகச் செய்கிறோம்; மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறோம். பின்னதில் போய்ப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. திருச்சி–தஞ்சை ரயில் பாதையும் கால்வாயைவிட்டு அதிகம் விலகாமல் வருகிறது. பூதலூர் வரை பாசஞ்சரில் போய் இறங்கிக் கரையோடு தஞ்சைக்கு நடந்து வரலாம். முடியாதவர் ஆலக்குடியிலேயே ரயிலேறிவிடலாம். டெல்டாவில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை. மலையில் நடக்கிறவர் முதுகில் சுமந்துபோகிற எல்லாமே இங்கே வழியிலேயே பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

நடப்பவருக்குக் கால்வாய் தருவதைப் பேசினோம். கால்வாய்க்கு நடப்பவர் தருவது அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். கல்லணைக் கால்வாயை விரிவாக்கிச் சீரமைத்து நவீனப்படுத்தும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 2,640 கோடி ரூபாய். கரையையும் தரையையும் கான்கிரீட் போட்டு மூடினால் நிலத்தடி நீர் ஊறுவது நின்றுபோகும் என்று விவசாயிகளில் ஒரு சாரார் எதிர்த்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர வேண்டுமானால் கசிவைக் குறைத்தே ஆகவேண்டும் என்பது மறு சாரார் வாதம். மேலே இருக்கிறவனுக்கு ஊற்று கவலை, கீழே இருக்கிறவனுக்குத் தண்ணீரே கவலை. இரண்டுமே உண்மையான கவலைகள், இந்தக் கட்டுரையில் தீர்க்கக்கூடியவை அல்ல. ஆனால் இத்தனை கோடி புழங்கும் ஒரு வேலையை, அதன் இரண்டு கரையிலும் தினம் நூறு பேர் நடந்து பார்ப்பதும் யாரும் பார்க்காததும் சமமாகுமா? சென்னையில் பக்கிங்காம் கால்வாய்க்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டிப் படகு இழுத்த கால்வாய் அது. படகு நின்றது, கரையில் நடையும் நின்றது, ஊரே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டது. பிறகு சாக்கடை வந்தது, குப்பை வந்தது, கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்களையே தண்ணீருக்குள் இறக்கினார்கள். அன்று அந்தக் கரையில் நாள்தோறும் நடக்கும் பழக்கமுள்ள ஆயிரம் பேர் இருந்திருந்தால் அந்தத் தூண்கள் அவ்வளவு சுலபமாக இறங்கியிருக்காது. தஞ்சை நகரத்துக்குள் புது ஆறும் இன்று ஏறத்தாழ அதே வாசலில் நிற்கிறது. ஆடிப்பெருக்கன்று ஒருநாள் படித்துறையில் கூட்டம். மற்ற நாளெல்லாம் வீடுகளின் கொல்லைப்புறம்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கரையைத் திறங்கள் என்று கேட்டால் அரசு அலுவலகத்தில் அது ‘கரை அழகுபடுத்தும் பணி’ என்று மொழிபெயர்க்கப்படும். ஒன்றரை கிலோமீட்டருக்கு வண்ணக்கல் பதித்து, இரும்புக் கம்பி வேலி போட்டு, காலை ஐந்து முதல் எட்டு, மாலை நாலு முதல் ஏழு என்று கேட்டுக்குப் பூட்டும் போட்டு, வாசலில் கல்வெட்டும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. மூன்றாம் ஆண்டு விளக்கு எரியாது, நாலாம் ஆண்டு கல் பெயரும். டெல்டாவில் எத்தனை குடும்பத்தில் ஒரு பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறது என்று எண்ணவே வேண்டாம். அங்கே நிலைமை என்ன என்று அவர்களையே கேட்கலாம். பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். அதை எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். உண்மையில் அந்த ஊரின் சாமர்த்தியம் பூங்காவில் இல்லை, பூங்காவுக்கும் பூங்காவுக்கும் நடுவே போட்ட இணைப்புப் பாதையில் இருக்கிறது. பெரும்பாலும் வடிகால்களின் ஓரத்தையே பிடித்துப் போகும் அந்தப் பாதைகள் இன்று 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. தஞ்சை அந்தப் பணத்துக்கு ஆசைப்பட முடியாது, தேவையும் இல்லை. அறுபடாமல் இருப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பத்து கிலோமீட்டர் நல்ல கரை, நடுவில் நூறு மீட்டர் முள்வேலி என்றால் அது பத்து கிலோமீட்டர் பாதை ஆகாது.

மறுப்புகள் வரும், வர வேண்டும். வெயில் என்பது முதலாவது. பங்குனியிலிருந்து ஆனி வரை பகலில் இந்தக் கரையில் நடக்கச் சொல்வது கொலைபாதகம், யாரும் சொல்லவில்லை. தை, மாசியில் விடிகாலை தொடங்கி முற்பகல் வரை நடக்கலாம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள் என்பதால், ஓடுகிற தண்ணீரோடு நடக்கப் பொங்கலை ஒட்டிய வாரங்கள் தோதானவை. ஒரு பக்கம் நீர், மறு பக்கம் அறுவடைக்கு நிற்கிற சம்பா. நிழலுக்கு மரம் வேண்டும். கஜா புயல் 2018 நவம்பரில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையை எல்லாம் படுக்கப்போட்டபோது நிழலின் அருமை தெரிந்தது. கரையின் உட்சரிவில் மரம் வைத்தால் வேர் கரையைப் பிளக்கும் என்று பொறியாளர்கள் தடுப்பது சரியே. வெளிச்சரிவின் அடியில் வைக்கலாம். இரண்டாவது, தண்ணீரில் விழுந்துவிடுவார்கள் என்பது. கால்வாயில் ஆள் மூழ்கிச் சாவது உண்மை, லேசாகத் தள்ளக்கூடியதும் இல்லை. சாகிறவர்கள் அநேகமாகக் குளிக்க இறங்கியவர்கள். பாலத்துக்குப் பாலம் ஒரு கயிறும் மிதவையும், இறங்கக்கூடாத இடத்தில் எச்சரிக்கையும் இன்றைக்கே இருந்திருக்க வேண்டியவை. நடப்பவர் வந்தால்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. பெண்கள் எப்படித் தனியாகப் போவார்கள் என்பது மூன்றாவது. நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியுமுன் கரைவழியே போகிற பெண்களை இந்தக் கேள்வி கேட்பவர்கள் கவனித்ததில்லை போலிருக்கிறது. ஆனால் கேள்வியில் நியாயம் உண்டு. ஆளரவமில்லாத கரையில் சாயங்காலம் பாட்டிலோடு உட்காருகிறவர்கள்தான் அச்சத்தின் பெயர். அவர்களை விரட்டப் போலீஸ் ரோந்தைவிட, அடிக்கடி யாராவது கடந்து போய்க்கொண்டிருப்பது நன்றாக வேலை செய்யும். இருட்டிய பிறகு நடக்க இந்தப் பாதை ஏற்றதல்ல என்பதை ஒப்புக்கொள்வதில் நட்டம் ஒன்றுமில்லை. ராத்திரியில் நடந்தே தீருவேன் என்கிற பக்தர் கூட்டத்துக்குத் திருவிழா நாட்களில் மட்டும் தற்காலிக விளக்கு போடலாம்.

விவசாயியின் மறுப்புக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். கரை அவருக்கு வேலைத்தளம். டிராக்டரும் கதிர் அறுக்கும் மெஷினும் அந்த வழியாகத்தான் வயலுக்கு இறங்குகின்றன. கொள்முதல் நிலையத்தில் இடமில்லாதபோது நெல் காய்வதும் மூட்டை கிடப்பதும் கரையில்தான். பட்டணத்துக்காரர்கள் உல்லாசமாக நடந்து வந்து “இங்கே ஏன் நெல் கொட்டியிருக்கிறீர்கள்” என்று கேட்கும் நாள் வந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தால் அது வீண்பயம் இல்லை. எனவே அறிவிப்பிலேயே முதல் வரியாக எழுதிவிட வேண்டும்: கரை பாசனத்துக்கும் உழவுக்கும் உரியது, நடப்பவர் விலகிப் போக வேண்டும். நெல் காய்ந்தால் ஓரமாக நட, டிராக்டர் வந்தால் இறங்கி நில். காரும் பைக்கும் இந்தப் பாதையில் வரவே கூடாது என்பது விவசாயிக்கும் நல்லது. கரையைப் பாழாக்குவது மனிதக் கால் அல்ல, மணல் ஏற்றிய சக்கரம். இன்னொரு மறுப்பைப் பலர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எங்கள் தெரு வழியாக வெளியாள் எப்படி நடக்கலாம் என்பது அது. டெல்டாவின் ஊர்களில் எந்தத் தெரு வழியாக யார் நடக்கலாம், சுடுகாட்டுக்குப் பிணம் எந்த வழியாகப் போகலாம் என்பதில் இன்றும் தகராறு நடக்கிறது. ஆற்றங்கரை யாருடைய தெருவும் இல்லை. அது புறம்போக்கு, அரசு நிலம். அங்கே நடக்க எந்த நாட்டாமையின் அனுமதியும் தேவையில்லை. இந்தப் பாதையை ஆதரிக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கும்.

அதே புறம்போக்கில்தான் வீடில்லாதவர்கள் குடிசை போட்டிருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நடைபாதைக்காக என்று சொல்லி ஏழைகளின் கூரையைப் பிரிப்பது நகரங்கள் நன்றாகக் கற்றுவைத்திருக்கும் வித்தை. கரையைப் பலவீனப்படுத்துகிற ஆக்கிரமிப்பை அகற்றுவதா, யாருக்கு மாற்று இடம் தருவது என்பது பாசனத்தையும் வெள்ளப் பாதுகாப்பையும் வைத்து முடிவாக வேண்டிய விஷயம். நடப்பவரைச் சாக்காக வைத்து ஒரு குடிசையும் போகக் கூடாது. வீடு இருந்தால் பாதை அந்த இடத்தில் கீழே இறங்கித் தெருவோடு போய் மறுபடி கரையேறட்டும். எதிரே ஒரு கரை சும்மாதானே இருக்கிறது, பாலம் வரும் இடத்தில் அந்தப் பக்கம் மாறிக்கொள்ளலாம். கால்வாய்க்கு இரண்டு கரை இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

இதற்கெல்லாம் தனி வாரியமோ புதிய திட்ட அறிக்கையோ வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மேட்டூர் திறப்புக்கு முன், ஏப்ரல், மே மாதங்களில், டெல்டாவில் தூர்வாரும் வேலை நடக்கிறது. வாரிய மண்ணைக் கரைமேல் குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் மழையில் பாதி மண் மறுபடி வாய்க்காலுக்குள் இறங்குகிறது, மீதி மேட்டில் சீமைக்கருவேலம் முளைக்கிறது. கரை நடையற்றுப் போவதற்குப் பல இடங்களில் இந்த மண்குவியல்தான் முதல் காரணம். நீர்வளத்துறையின் தூர்வாரும் மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வாரிய மண்ணை ஒரு பக்கக் கரையில் ஆறடி அகலத்துக்குப் பரப்பி, இறுக்கி, முள்ளை வெட்டிவிட வேண்டும், தொடர்ச்சி எங்கும் அறுபடக் கூடாது. முதல் ஆண்டு கல்லணையிலிருந்து பூதலூர் வரை, அடுத்த ஆண்டு தஞ்சை ஆற்றுப்பாலம் வரை. ஒரத்தநாட்டுப் பக்கம் அதற்கு அடுத்த கோடையில்.